பேட்டியில் நீ சொன்ன அப்பா

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீயும் உன்கூட இருக்கும் சுருட்டையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நலம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது. நான் நலமா இல்லையா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே சொல். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ குரலைக் கொஞ்சம் இறக்கி அப்பா என்பாய், நான் உருகிப்போவேன். நீ நடிகன், எனக்குத் தெரியாதா. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தொடரை முதல் நாளிலிருந்து பார்க்கிறோம். அது ஓடும் நேரத்தில் நம் சலூனில் டிவியை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். டை கட்டிக்கொண்டு ஆபீஸ் மேனேஜராக நீ கம்பீரமாகத்தான் இருக்கிறாய், ஆனால் நீ டைப் அடிப்பது கோழி தானியம் பொறுக்குவது போல இருக்கிறது. சுருட்டை அத்தனை சொல்லிக்கொடுத்தும் உனக்கு விரல் வரவில்லை பார். பாவம், அவன் நாள் முழுக்க நிஜ ஆபீசில் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, மேனேஜர் எப்படி நாற்காலியில் சாய்வார், ஃபைலை எப்படிக் கக்கத்தில் இடுக்குவார் என்று உனக்கு நடித்துக் காட்டினானாம். எதிர்க்கடைத் தையல்காரர் முதலில் நெளிந்தார், ஆம்பளையும் ஆம்பளையுமா லவ் பண்றது, இதையெல்லாமா போடுறாங்க என்றார். பிறகு நீயும், தொடரில் நீ விரும்புகிற பக்கத்து மேஜைக்காரனும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு அவர்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டு, சொல்லித் தொலையேன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா என்று உன்னைத் திட்டினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கதையில் உன் அப்பா உன்னை வீட்டை விட்டுத் துரத்திய அன்றைக்குக்கூட, அந்த நடிகர் நன்றாகச் செய்கிறார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள்தான் உன் பேட்டி வந்தது. நாற்காலியில் பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருந்தார், ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. பேட்டி எடுத்த பெண் உன்னைக் கேட்டாள், அந்தக் காட்சியில் அவ்வளவு உண்மையாக அழுதீர்களே எப்படி என்று. நீ கொஞ்ச நேரம் கீழே பார்த்தாய். பிறகு, அது நடிப்பில்லைங்க, எங்க வீட்டுல நடந்ததுதான், என்னைப் பத்தி சொன்ன அன்னைக்கு எங்கப்பா என் பையைத் தூக்கித் தெருவுல போட்டாரு, நல்ல மழை, அம்மா கதவுக்குப் பின்னால நின்னு அழுதாங்க, அதுலேருந்து நான் தனியாத்தான் இருக்கேன் என்றாய். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் தொழிலில் வருகிறவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவதில்லை, கண்ணாடியில் பார்த்துத்தான் பேசுவோம், உனக்குத் தெரியும். வாத்தியார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து மிச்ச நுரையைத் தானே துடைத்துக்கொண்டு, பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. தையல்காரர் வருகிறார், ஆனால் என்ன இருந்தாலும் நீங்க அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டார். நான் அப்படிச் செய்யவே இல்லை என்று சொன்னால், பெத்த பிள்ளை டிவியில அழுது பொய் சொல்லுமா என்கிறார்.

நடந்தது உனக்கு மறந்துவிட்டதா? கடை விடுமுறை அன்று இதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் நீ சொன்னாய், அப்பா, நான் வாழ்ந்தா ஒரு பையனோடதான் வாழ்வேன் என்று. உனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். உன் இடது காதுக்கு மேலே கத்தரி ஆழமாகப் போய்விட்டது, அதைச் சரிக்கட்ட வலது பக்கமும் வெட்டி, கடைசியில் உன் தலை உரித்த தேங்காய் போல ஆயிற்று. தொழிலில் அப்படி ஒரு தப்பு நான் செய்ததே இல்லை. ஆனால் வாய் என்ன சொன்னது? ஆளைக் கூட்டிட்டு வா, பாக்கலாம் என்றது. அவன் வந்தான். எந்தச் சீப்புக்கும் அடங்காத அந்தத் தலையைப் பார்த்துச் சுருட்டை என்று பெயர் வைத்ததே நான்தானே. நீ நடிக்கப் புறப்பட்டபோது உன் பையின் ஜிப் அறுந்துபோக, கடைத் துண்டால் கட்டி, பஸ் நிலையம் வரைக்கும் நான்தான் தோளில் சுமந்தேன். அன்றைக்கு மழை இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். அம்மா எந்தக் கதவுக்குப் பின்னாலும் நிற்கவில்லை, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எங்களுக்கு முன்னால் நடந்தாள். பேட்டியைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், பெத்த வயிறு பத்தி எரியுது.

சுருட்டை போன் செய்தான். தொடர் எடுக்கிற கம்பெனிக்காரர்கள்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்களாம், சோகம் இருந்தால்தான் ஜனங்களுக்கு ஒட்டுமாம், நீ முதலில் மாட்டேன் என்றாயாம். உனக்காக அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நீ தனியாக இருக்கிறேன் என்று சொன்னபோது அவன் கேமராவுக்குப் பின்னால் உன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தானாம். கம்பெனி ஆயிரம் சொல்லும் மகனே, வாய் உன்னுடையது.

இதையும் ஒரு வழியாக விழுங்கியிருப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று போயிருப்பேன். ஆனால் உன் பெரியப்பா போனில் கூப்பிட்டார். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே எங்கள் அப்பா போய்விட்டார், எனக்கு அப்பாவாக இருந்தது என் அண்ணன்தான். கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நின்று வேலை செய்தோம். உன் விஷயம் தெரிந்ததும், அவனை வீட்டை விட்டு அனுப்பு, இல்லன்னா எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லை என்றார். நான் உன்னை அனுப்பவில்லை. அவர் தன் நாற்காலியைத் தரையிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார், திருகாணி இருந்த ஓட்டைகளை நான் இன்னும் அடைக்கவில்லை. இத்தனை வருஷம் தெருவில் எதிரில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டவர், உன் பேட்டியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். தம்பி என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ ஆம்பளைடா, நான்தான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன், நம்ம மானத்தைக் காப்பாத்திட்டே, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், நீதான் முன்னால நின்னு நடத்தணும் என்றார். அழுதார் மகனே. உன்னை நான் அடித்துத் துரத்தியதற்காக என்னைப் பாராட்டி அழுதார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆமாண்ணா என்ற ஒரு சொல் போதும், அண்ணன் கிடைத்திருப்பார். உன் அம்மாகூட கண்ணால் கெஞ்சினாள், பேசாமல் இருங்கள் என்று. என்னால் முடியவில்லை. அண்ணா, அவன் டிவியில சொன்னது பொய், நான் அவனைத் துரத்தல, அவன் பையைத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்திவிட்டேன், அந்தப் பையனும் எனக்குப் பிள்ளைதான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். கல்யாணம் நடந்து முடிந்ததைத் தையல்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், மாப்பிள்ளை வீட்டுக்கு உடுப்புத் தைத்தது அவர்தான்.

ஒரே அண்ணனை உன்னால் இரண்டு தடவை இழந்துவிட்டேன். முதல் தடவை நானே மனசாரக் கொடுத்தேன், அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இந்தத் தடவை என்னைக் கேட்காமல் நீ எடுத்துக்கொண்டாய்.

ஊருக்கு நீ எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது உன் பிழைப்பு, நான் குறுக்கே வரமாட்டேன். சுருட்டையிடம் மட்டும் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேள், அவனுக்கு முன்னால் நடிக்காதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், உன் தொழிலில் நீ இன்னும் மேலே வர வேண்டும், கோபத்தில் இருந்தாலும் என் வாயில் வேறு எதுவும் வராது. தொண்டையைப் பார்த்துக்கொள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, அம்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன்னை ஒரு நாளும் துரத்தாத
அப்பா