மாப்பிள்ளை மரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம், சளிகூட இல்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

"படிக்கப் போன பொண்ணு காட்டுக்குத் தீ வைக்குதா?" என்று அத்தை கேட்டார்களாம். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நாங்களே அளவாக வைக்கும், சருகையும் புதரையும் மட்டும் எரிக்கும் முழங்கால் உயரத் தீ. புதர் குறைந்தால் கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் பெரிய மரங்களின் பலகைத் தரம் கெடுகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி.

நேற்று மரம் அறுக்கும் ஆலைக்குப் போனோம். எங்கள் காட்டிலேயே அழகான மரத்துக்கு நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். வடுவே கிடையாது, முதல் தரம் என்று நானே குறித்தேன். வாள் இறங்கியதும் உளுத்த தூள் கொட்டியது. அடிமரம் உள்ளே முழுக்கப் பொந்து, அப்பா! நான் வருவதற்கு முன்பே வைத்த தீ சுட்ட இடத்தைப் புதுப்பட்டை மூடியிருக்கிறது. அறுப்பவர் வாளை நிறுத்திவிட்டு, "வெளிய ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றார். நான் குறிப்பேட்டைத் திறந்து 'முதல் தரம்' என்பதை அடித்தேன்.

இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. முதல் வரியில் நான் நலம் என்று எழுதியிருக்கிறேனே, அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

உங்கள் சின்னவள்