பன்னிரண்டாம் பாட்டு மூலத்தில் இல்லை

என் அன்பு பிலோமினா,

நீ கண்மூடிய முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் உன் மொழிபெயர்ப்பைப் போடுவோம் என்று உன் மகள் ஷெரின்தான் சொன்னாள். பெயர்கூடத் தெரியாத அந்தப் பழைய இங்கிலாந்துக் கவிஞரோடு, நோபல் பார்க் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நீ கழித்த இரண்டு வருடத்தை அவள் மறக்கவில்லை.

அவருடைய பக்திப் பாட்டில் குணங்களெல்லாம் ஆட்களாகிவிடும். நான் படிப்பித்த காலமென்றால் வகுப்பில் இப்படித்தான் விளக்கியிருப்பேன்: பொறாமை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன உடுத்திருக்கும்? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருமா? அவர் கனவில் பொறுமை வருகிறாள், உண்மை வருகிறாள். இருந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.

பழக்கதோஷம், சிவப்புப் பேனையோடு படிக்க உட்கார்ந்தேன். "மாமி, அம்மான்ர எழுத்துக்கும் மார்க்ஸ் போடப் போறியளோ?" என்று ஷெரின் சிரித்தாள்.

பன்னிரண்டாம் பாட்டு மட்டும் பென்சிலில் இருந்தது. அதில் மரணம் ஊதாச் சுவெட்டர் போட்டுக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். மகளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்கிறாள். வீட்டுக்காரி தேநீர் ஊற்றுகிறாள். மரணம் கோப்பையைத் தொடவில்லை. நாளைக்கும் வருவேன் என்கிறாள்.

அந்தக் காலத்தில் சுவெட்டர் ஏது என்று ஓரத்தில் சிவப்பில் எழுதினேன். பிறகுதான் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தேன். பாட்டு பதினொன்றோடு முடிந்திருந்தது.

தாளின் அடியில் 'விபூதிப் புதன்' என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் உன் நோயைக் கண்டுபிடித்தது அதற்கு நாற்பது நாளுக்கு மேல் கழித்து, உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகல்லவா? உனக்கு முதலில் சொன்னது யார்? அந்தச் சுவெட்டர் எனக்குத் தெரியும். ஷெரின் வெரிபீக்குக் குடிபோனபோது உன்னிடம் விட்டுப்போனது. நீ எழுதிய அன்று அதைப் போட்டுக்கொண்டு இருந்தது யார், பிலோமினா?

"வேற ஒண்டும் இல்லையோ மாமி? அம்மாக்கு முதலே தெரியுமோ?" என்று ஷெரின் கேட்டபோது அந்தத் தாள் என் கைக்குக் கீழே இருந்தது.

"இல்லைப் பிள்ளை, இவ்வளவுதான்" என்றேன்.

அன்றிலிருந்து என் குசினிக்குள் பகலில்கூடப் போக மனம் வருவதில்லை. நேற்று மத்தியானம் தேநீர் ஊற்றிவிட்டுத் திரும்பினால் மேசையில் இரண்டு கோப்பைகள். நான் தனியாக இருப்பவள் என்று உனக்குத் தெரியும்.

மலர் பதினொரு பாட்டோடு அச்சுக்குப் போய்விட்டது. பன்னிரண்டாவது ஷெரினுக்கு மட்டும் உரியது. சனிக்கிழமை வெரிபீக்குப் போய், என் சிவப்புக் கிறுக்கலோடு அப்படியே அவள் கையில் கொடுப்பேன். நான் சொன்ன பொய்யையும் சொல்வேன். கோபித்தால் கோபிக்கட்டும். அவள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்திலிருந்து எழும்பமாட்டேன்.

உன் மச்சாள்,
திரேசா