எட்டு லட்சத்தில் முன்னூறு குறைவு

லம்பாங், தாய்லாந்து
12 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி மர்டோவுக்கு,

அக்கா இஷ்பெல் எழுதுவது. நான் நலம். நீயும் உன் மூட்டுவலியும் ஸ்டோர்னோவே மழையும் எப்படி இருக்கிறீர்கள்?

விசா நீட்டிக்கும் காலம் வந்துவிட்டது. வருடா வருடம் நடக்கிற கூத்துதான். ஓய்வுபெற்று இங்கே தங்குகிற வெளிநாட்டுக்காரி தன் பேரில் எட்டு லட்சம் பாட் வங்கியில் வைத்திருக்க வேண்டும். மனு கொடுப்பதற்கு முன் இரண்டு மாதம் அது அசையாமல் கிடக்க வேண்டும். பிசகினால் நவம்பர் 24-க்குள் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மற்ற வருடங்களில் கொஞ்சம் கூடுதலாகவே கிடக்கும். இந்த வருடம் கூரை ஒழுகி, அந்தக் கூடுதல் ஓடு மாற்றப் போய்விட்டது. இப்போது சரியாக எட்டு லட்சம். ஒரு பாட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு அளந்து சமைத்தவளுக்கு இதெல்லாம் ஒரு காரியமா?

விமான நிலையத்தில் என் கையில் திணித்தாயே நானூறு பவுண்டு, அதைப் பற்றிக் கேட்டிருந்தாய். "ஆறு மாசம் தாங்க மாட்டே. திரும்பி வர டிக்கெட்டுக்கு வச்சுக்கோ" என்றாய். வந்த கோபத்தில் அதைச் சந்தைப் பக்கம் வேறொரு வங்கியில் போட்டுவிட்டேன். நாலு வருடமாக அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அது உன் பணம், என் கணக்கில் சேராது.

ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். கென்னத்தை அடக்கம் செய்த நாளிலிருந்து ஊரில் என்னைக் கண்டாலே எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். விதவையிடம் அப்படித்தான் பேச வேண்டுமாம். இங்கே எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் காய்கறிக்காரி புவா என்னோடு கத்திரிக்காய் விலைக்குச் சண்டை போடுகிறாள். எனக்கு அந்தச் சண்டை வேண்டும், மர்டோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா இஷ்பெல்

*

ஸ்டோர்னோவே, ஸ்காட்லாந்து
7 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உண்மையில் இன்று ஞாயிறு. கர்த்தரின் ஓய்வு நாளில் கடிதம் எழுதினேன் என்று தெரிந்தால் பக்தி முற்றிய இந்த ஊர் சும்மா விடாது, அதனால் நாளைத் தேதி போட்டிருக்கிறேன்.

பணம் இரண்டு மாதம் அசையாமல் கிடக்க வேண்டுமாம். அக்கா மட்டும் ஆறாயிரம் மைல் அசையலாமாம். நல்ல சட்டம்! அளந்து சமைத்தேன் என்று பெருமை பேசாதே. நீ போட்ட கஞ்சியில் ஒருநாளாவது உப்பு சரியாக இருந்ததா?

உன் கம்பளிக் கோட்டு கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை தட்டி வைக்கிறேன். கணக்கு பிசகினால் பிசகட்டும். டிக்கெட் காசுதான் இருக்கிறதே, எடுத்துக்கொண்டு கிளம்பி வா. நீ தோற்க வேண்டும் என்று நினைக்கிறேன், மறைக்க மாட்டேன். சில நாள் சாப்பிடும்போது நான் வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அது திருப்பிப் பேச மாட்டேன் என்கிறது.

உன் தம்பி,
மர்டோ

*

லம்பாங்
20 நவம்பர் 2024

மர்டோ, என் தங்கமே,

ஜெயித்துவிட்டேன்! ஆனால் எப்படி ஜெயித்தேன் என்று கேட்டால் நீ நாற்காலியிலிருந்து விழுவாய். உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை வங்கிக்குப் போய் நூறு பாட் போட்டேன். அன்றைய தேதி புத்தகத்தில் பதிய வேண்டும் என்பதற்காக எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வங்கிக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டேன். கண்ணாடி கைப்பையில் இருந்தது. எட்டு லட்சம் எட்டு லட்சம்தானே, அதில் படித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று நேரே குடியேற்ற அலுவலகத்தில் நீட்டிவிட்டேன்.

அந்த இளம் அதிகாரி பேனா முனையால் வரி வரியாக இறங்கி வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"பெரியம்மா, அக்டோபர் ஒம்பதாந் தேதி முன்னூறு பாட் போயிருக்கே?"

"நான் தொடவே இல்லையே!"

"ஏடிஎம் கார்டுக்கு வருஷக் கட்டணம். பேங்க்காரங்களே எடுத்துக்கிட்டாங்க. எட்டு லட்சத்துக்குக் கீழ வந்திருச்சு."

"இப்பவே போட்டுடறேன்."

"இன்னைக்குப் போட்டா இன்னையிலேர்ந்து ரெண்டு மாசம் எண்ணணும். உங்களுக்கு இருக்கறது அஞ்சு நாள்."

கூட வந்த புவா தலையில் அடித்துக்கொண்டாள். "முன்னூறு பாட்! அஞ்சு பாட் கத்திரிக்காய்க்கு என் உயிர எடுப்பியே, இத விட்டுட்டியே!" என்று கத்தியவள் அழுதுவிட்டாள். அவள் அழுததைப் பார்த்ததும்தான் உன் நானூறு பவுண்டு நினைவுக்கு வந்தது.

"வேற பேங்க்ல என் பேர்ல இருந்தா சேர்த்துக்குவீங்களா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல கிடக்குதா?"

"நாலு வருஷமாக் கிடக்கு."

"அந்தப் புத்தகமும் அந்த பேங்க் கடிதமும் வேணும். நாலு மணிக்குள்ள வாங்க."

புவாவின் பைக்கின் பக்கவாட்டில் ஒரு தொட்டி உண்டு, காய்கறி ஏற்றுவதற்கு. நேற்று அதில் முட்டைக்கோஸோடு நானும் ஏறினேன். வீட்டில் கென்னத் படத்துக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்தோம். சந்தை வங்கியில் எனக்கு முன்னால் பதினோரு பேர். "பெரியம்மாவ ஊரை விட்டுத் துரத்தறாங்க, வழி விடுங்கப்பா!" என்று புவா போட்ட சத்தத்தில் பதினோரு பேரும் ஒதுங்கிவிட்டார்கள்.

மூன்றே முக்காலுக்கு அலுவலகத்தில் இருந்தோம். அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். வட்டி விழுந்திருந்ததைத் தவிர ஒரு அசைவும் இல்லை.

"நாலு வருஷமா ஒரு பாட்கூட எடுக்கலையா? யார் போட்ட காசு இது?"

"என் தம்பி கொடுத்தது. நான் ஊருக்குத் திரும்பி வரணும்னு."

அவர் சிரித்தபடியே முத்திரை குத்தினார். அடுத்த வருடம் நவம்பர் 24 வரை! நான் குதித்தேன், மர்டோ. அறுபத்தொன்பது வயதில், அலுவலகத்தின் நடுவில். வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். புவா அன்றைக்கு முட்டைக்கோஸை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தாள், அது நான் ஜெயித்ததைவிடப் பெரிய அதிசயம்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என்னைக் கூப்பிட நீ கொடுத்த காசை வைத்தே நான் இங்கே தங்கிவிட்டேன். உனக்குக் கோபமா? கோபமாக இருந்தாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

*

ஸ்டோர்னோவே
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இது உண்மையான திங்கட்கிழமை.

கோபம்தான். நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் கசாப்புக் கடையில், நீ முட்டைக்கோஸோடு தொட்டியில் உட்கார்ந்து போனதை நினைத்துச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். கடையில் இருந்த எல்லோருக்கும் சொன்னேன். "எங்க அக்கா ஜெயிச்சுட்டா" என்று மூன்று தடவை சொன்னேனாம், கடைக்காரர் எண்ணியிருக்கிறார். உன்னைப் பற்றி இந்த ஊரில் ஒருவர் குரலைத் தாழ்த்தாமல் பேசியது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை தேவாலயத்தில் பழைய துணி விற்பனை நடந்தது. உன் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போதகரின் மனைவி ஐந்து பவுண்டுக்குக் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்று, நல்ல கம்பளி என்று வாதாடி பத்துக்கு ஏற்றினேன். அதே பத்து பவுண்டை என் கையிலிருந்து தேவாலயத்துக்குக் கட்டிவிட்டு, அவர் கொடுத்த நோட்டுகளை வாங்கி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்த எட்டு லட்சக் கணக்கில் போட்டு வை. கார்டுக்கு வருடா வருடம் முன்னூறு எடுப்பார்கள் அல்லவா, அதற்கு ஆகும். சந்தைப் பக்கத்து வங்கியில் கிடப்பதை இனி டிக்கெட் காசு என்று சொல்லாதே.

ஆணியில் இப்போது என் தொப்பியை மாட்டியிருக்கிறேன். புவாவிடம் கேள், அந்தத் தொட்டியில் மூட்டுவலிக்காரன் ஒருவன் கால் நீட்டி உட்கார முடியுமா? பிப்ரவரியில் மூன்று வாரம் வருகிறேன். போய்வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது, என் சொந்தக் காசில்.

கஞ்சி மட்டும் நீ வைக்காதே.

அன்புடன்,
உன் தம்பி மர்டோ