மூன்றாம் தொட்டிக்கு வராத குளிர்காலம்

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று மூன்றாம் தொட்டியிலிருந்து இருபது சால்மன் குஞ்சுகளைப் பிடித்து, கடலுக்குத் தயாரா என்று பார்க்கக் கடல்நீர்ப் பீப்பாயில் விட்டேன். இன்று காலை ஏழு செத்துக் கிடந்தன. மற்றவை கறுத்துப்போய், ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கின்றன. முதல் இரண்டு தொட்டிகளின் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துப் பீப்பாயில் தீனி கேட்டு முட்டுகின்றன.

ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே தீனி. கடலுக்குத் தயாரான மீனுக்கு வரும் வெள்ளி மினுமினுப்பும் மூன்று தொட்டியிலும் ஒன்றுதான். பிறகு ஏன்?

வெள்ளிக்கிழமை வெண்டல் வருகிறார். ஃபண்டி விரிகுடாவில் கூண்டு போட்டு மீன் வளர்ப்பவர். என்னிடமுள்ள நாற்பத்திரண்டாயிரம் குஞ்சும் தனக்கே என்று பிப்ரவரியிலேயே சொல்லிவைத்தார். மூன்றாம் தொட்டியில் மட்டும் பதினெட்டாயிரம். அவர் கைவிட்டால், கோடையில் இந்தக் கிணறு மூன்று தொட்டிக்கும் தாங்காது. பண்ணையை மூட வேண்டியதுதான்.

ஏப்ரல் 23

இன்னும் நான்கு போயின. என் புருஷன் மெர்லிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கடல் ஆய்வு நிலையத்துப் பெண் போலெட் வந்து மீன்களிடம் இரத்தம் எடுத்தாள். மூன்றாம் தொட்டி மீனின் இரத்தத்தில் உப்பு தாறுமாறாக ஏறியிருக்கிறது.

“உங்க மீன் கடலுக்கு வந்துடுச்சு. செவுள் இன்னும் ஆத்துலயே இருக்கு,” என்றாள்.

விளக்கச் சொன்னேன். ஆற்றில் மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் நுழையுமாம். உப்பு கசிந்து வெளியே போகுமாம். தண்ணீரை மூத்திரமாகக் கொட்டிவிட்டு, ஆற்றுநீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பைச் செவுள் பொறுக்கி உள்ளே இழுக்க வேண்டும். கடலில் எல்லாம் தலைகீழ். உடம்பிலுள்ள தண்ணீரைக் கடல் உறிஞ்சிவிடும். மீன் கடல்நீரைக் குடித்தே ஆக வேண்டும். அதோடு வரும் உப்பை அதே செவுள் வெளியே தள்ள வேண்டும். அந்த வேலைக்கு வேறு வகை உயிரணுக்கள் முளைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

எனக்குப் புரிந்தது இப்படி: ஆற்றில் செவுள் உப்பு வாங்கும் கடை, கடலில் உப்பு விற்கும் கடை. பெயர்ப்பலகையை மாற்றினால் போதாது. உள்ளே வேலை பார்க்கும் ஆட்களையே மாற்ற வேண்டும்.

“அப்ப இந்த வெள்ளி?”

“அது சட்டை. சட்டைய மட்டும் மாத்திக்கிட்டுக் கிளம்பியிருக்கு. பகல் குறுகுற குளிர்காலம்னு ஒண்ணு வந்து போனாத்தான் செவுள் முழுசா மாறும். இந்தத் தொட்டிக்குக் குளிர்காலமே வரலையோ?”

வந்ததே! டிசம்பர், ஜனவரி முழுக்க மாலை நான்கு மணிக்கெல்லாம் தொட்டிகளைத் தார்ப்பாயால் மூடினோமே. நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வெளிச்சம்.

ஏப்ரல் 25, காலை

தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரன்தான்.

கொட்டகையில் குளிர்காய இருக்கும் ஒரே அடுப்பு மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில். மாலையில் மெர்ல் அங்கேதான் தொலைக்காட்சியை வைத்துக்கொண்டு ஐஸ் ஹாக்கி பார்ப்பான்.

“அடுப்புல பட்டுட்டா எரிஞ்சுடும்னு தார்ப்பாயை மடிச்சு வெச்சேன்.”

“எத்தனை நாள்?”

“ஆட்டம் இருந்த நாளெல்லாம்.”

“விளக்கு?”

“பின்ன, இருட்டுல சூப்பு குடிக்கச் சொல்றியா?”

“பதினெட்டாயிரத்தையும் உக்கார வெச்சு ஆட்டம் காட்டியிருக்கே!”

“ஒண்ணாவது டிக்கெட் வாங்குச்சா, கேளு.”

சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். ஐயோ, இந்த மனுஷனை என்ன பண்றது.

அதே நாள், மாலை

வெண்டல் வந்தார். இந்தக் கரையில் எல்லாரும் செய்வதைச் செய்தார் — கைவலையில் ஒரு மீனை அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். செதில் ஒட்டினால் மீன் தயார். மூன்றாம் தொட்டி மீன் அவர் கையை வெள்ளியாக்கிவிட்டது.

“ஏம்மா கிளெண்டா, பாத்தியா கைய! இதத்தான் முதல்ல லாரியில ஏத்தணும்.”

நான் கைவலையை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

“என்ன, பேச்சே காணோம்? விலைய ஏத்தப் போறியா?”

“யோசிக்கிறேன்.”

“யோசிக்காத. குஞ்சு ஒண்ணுக்கு நாலு டாலர். மே ஆறாம் தேதி லாரி வரும்.”

கை குலுக்கினேன். ஏன் குலுக்கினேன்?

ஏப்ரல் 26, சனி

அவர் பார்த்துத்தானே வாங்கினார். நான் பொய் சொல்லவில்லை. சொல்லவில்லைதான் — எதையுமே சொல்லவில்லை.

கூண்டில் விட்டால் பாதி ஒரு வாரத்தில் சாகும். மிச்சம் சாகாமல், வளராமல், தலை பெருத்துச் சுற்றும். கடல் குளிராக இருந்தது என்பார்கள். லாரியில் அடிபட்டது என்பார்கள். என்னைக் கைகாட்ட ஆளில்லை.

சமையலறைத் தரையைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

“உக்காருடி, தரை தேயுது,” என்றான் மெர்ல்.

முதல் இரண்டு தொட்டிகள் காலியானால் தண்ணீர் மிஞ்சும். மூன்றாவதற்கு இப்போதே இருட்டைப் போர்த்தி ஒரு குளிர்காலத்தைக் காட்டினால்? எட்டு வாரம் இருட்டு, பிறகு வெளிச்சம். போலெட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“நடக்கலாம். ஆனா எங்கிட்ட உத்தரவாதம் கேக்காதீங்க.”

ஏப்ரல் 28, திங்கள்

இரண்டு பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வெண்டலின் படகுத்துறைக்குப் போனேன். அவருடைய துறையின் கடல்நீரையே மொண்டு நிரப்பி, ஒன்றில் முதல் தொட்டிக் குஞ்சு இருபது, மற்றதில் மூன்றாம் தொட்டிக் குஞ்சு இருபது விட்டேன்.

“சொந்தச் சரக்கையே சந்தேகப்படுற வியாபாரிய இப்பத்தான் பாக்கறேன்!” அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

“நாளைக்குப் பாருங்க,” என்றேன்.

ஏப்ரல் 29

மூன்றாம் தொட்டிக் குஞ்சுகளில் எட்டு செத்திருந்தன. வெண்டல் பையிலிருந்து, இங்கே நொறுக்குத் தீனியாக மெல்லும் காய்ந்த கடற்பாசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, செத்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“வெள்ளிக்கிழமையே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கை குடுத்த?”

“நாலு டாலர்னு சொன்னீங்க. வாய் வரல.”

“என் கூண்ட சுடுகாடா ஆக்கியிருப்ப.”

“அதான் வந்தேன்.”

“நாலு நாள் கழிச்சு!”

முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார். தொட்டியைப் பற்றிய என் யோசனையைச் சொல்லவே விடவில்லை. படகிலிருந்த ஆளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 30

தொலைபேசி அடிக்கவில்லை. வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

மாலை நான்கு மணிக்கே மூன்றாம் தொட்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டேன். யார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

மே 1, வியாழன்

வெண்டல் வந்தார், தன் கடல்நீர் நிரப்பிய பீப்பாயோடு. என் கடல்நீரைக்கூட நம்பவில்லை. கைவலை பக்கமே போகவில்லை.

“இனிமே எவன் கிட்டயும் வெள்ளி பாத்து வாங்க மாட்டேன். உங்கிட்ட கண்டிப்பா மாட்டேன்.”

“சரி.”

“சரின்னு லேசா சொல்லாத. விலையும் குறையும்.”

“சொல்லுங்க.”

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. அவர் மூன்றரையில் ஆரம்பித்தார்; நான் அரை டாலர் ஏற்றப் பார்த்தேன். கால் டாலர்தான் ஏறியது.

முடிவு: முதல் இரண்டு தொட்டி, இருபத்துநாலாயிரம் குஞ்சு, மே ஆறாம் தேதி, ஒன்றுக்கு மூன்று டாலர் எழுபத்தைந்து சென்ட், கூண்டில் பத்தாம் நாள் உயிரோடு இருப்பவற்றுக்கு மட்டும் பணம். மூன்றாம் தொட்டி செப்டம்பரில், இரண்டு டாலர் ஐம்பது; அதுவரை தீனி என் செலவு; அவருடைய பீப்பாயில் நான்கு நாள் இருபதும் பிழைத்தால் லாரி வரும், ஒன்று செத்தாலும் வராது.