தொண்ணூற்றொன்பது வரை எண்ணத் தெரிந்தது

டேய் நைனா,

இன்று காலை சட்டையை மாட்டும்போது காலருக்குள் என்னமோ குத்தியது. பார்த்தால் பச்சை நூல். நம் சலவைக் கடையில் துணிக்குக் கட்டுகிற அதே நூல். முதலாளி என் சட்டையிலேயே அவிழ்க்க மறக்கிற அளவுக்குக் கடையில் ஒழுங்கு இருக்கிறது. நீ இருந்திருந்தால் இதற்கே அரை மணி நேரம் திட்டியிருப்பாய். அந்தத் திட்டைக் கேட்க முடியாத குறைக்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த நூல் வந்ததே உன்னால்தானே. மந்தைவெளிக் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, சாப்பிட வந்த உன்னைப் பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்தேன். பிரியாணி ஆறுவதற்குள் ஒரு ப்ரோக்ராம் எழுதிவிட்டாய். வருகிற துணிக்கு அது சீட்டில் ஒரு நம்பர் அடித்துக் கொடுக்கும். அந்த நம்பர் கொக்கியில் துணியை மாட்ட வேண்டும். அவ்வளவுதான். கொக்கி தொண்ணூற்றொன்பது இருந்தது, நீயும் அதுவரைதான் எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தாய். நூறாவது துணிக்கு மறுபடி ஒன்று என்றது. ஒரே நம்பரில் இரண்டு பேர் துணி! எட்டாவதோடு நின்ற என்னைவிடக் குறைவாகப் படித்த கம்ப்யூட்டர் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

உனக்கு முகம் சுண்டிவிட்டது. நாங்கள் கவலைப்படவில்லை. முதல் சுற்றுக்குச் சிவப்பு நூல், அடுத்த சுற்றுக்கு நீலம், அதற்கடுத்துப் பச்சை என்று கட்ட ஆரம்பித்தோம். ஒரே ஒரு தடவை ஒரு ரிட்டையர்டு போலீஸ்காரர் பேன்ட் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனது. அந்தம்மா அதைத் துவைத்தது சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்.

நீ வேலை பார்த்த அடையாறு ஆபீஸில் நீ எழுதியதை எல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைத்துவிடுவார்கள். ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னாய்.

“நான் எழுதினது ஒண்ணாவது நான் போன அப்புறமும் ஓடணும்டா.”

“அதான் நம்ம கடைல ஒண்ணு கீதே.”

“அதைச் சொல்லாதே. அது அசிங்கம்.”

அந்த அசிங்கத்தைத் துடைக்கத்தான் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து நல்லது ஒன்றை எழுதினாய். உண்மையிலேயே நல்லது. காலியாக இருக்கிற எந்தக் கொக்கியிலும் மாட்டலாம், எது எங்கே என்று அதற்குத் தெரியும். துணி கொடுத்தவர் போனுக்கு ஒரு ரகசிய எண் போகும். அதை அடித்தால்தான் கொக்கி எது என்று காட்டும். ஒருத்தர் துணி இன்னொருத்தருக்குப் போகவே போகாது. ஒரு மாதம் ராஜா மாதிரி ஓடியது.

அப்புறம் உன் மகள் கல்யாணம் வந்தது. மயிலாப்பூர் சர்ச்சில் பத்து மணிக்குப் பூசை. ஒன்பது மணிக்கு நீ டையைக் கட்டிக்கொண்டு கோட்டு இல்லாமல் கடைக்குள் ஓடி வந்தாய். கோட்டைச் சலவைக்குக் கொடுத்தது உன் மனைவி.

“இன்னாடா முழிக்கிற? உன் மிஷின்தானே, கேளு.”

“நம்பர் அவ போனுக்குப் போகுது. பொண்ணுக்கு மேக்கப் போடுற ரூம்ல இருக்கா, போனை ஆஃப் பண்ணிட்டா.”

“வேற வழி ஒண்ணு வெச்சிருப்பியே?”

“வெக்கல. வெச்சா திருடன் அந்த வழியா வருவான்.”

“இப்போ திருடனும் வரல, கோட்டும் வரல.”

“சிரிக்காதடா! தேடு!”

கல்யாண சீசன். கறுப்புக் கோட்டே முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாய். ஒன்று முழங்கையோடு நின்றது, ஒன்றுக்குள் நாம் இரண்டு பேருமே நுழைந்திருக்கலாம். கடைசியில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் கிடைத்தது. கல்யாண போட்டோவில் இன்றைக்கும் நீ மூச்சு வாங்கிக்கொண்டுதான் நிற்கிறாய்.

திங்கட்கிழமை வந்தாய். உட்கார்ந்து பழையதையே திரும்ப ஏற்றினாய்.

“ஏன்டா, அது நல்லதாச்சே?”

“நல்லதுதான். அது நின்னா உனக்கு ஒண்ணும் தெரியாது. இது நின்னாலும், சீட்டைப் பார்த்துக் கையை நீட்டினா துணி வந்துடும்.”

நீ சொன்னதில் பாதிதான் சரி. பழையதன் குறை என்ன என்று கடையில் துணி மடிக்கிறவர் வரைக்கும் தெரியும், அதனால் நூல் கட்டிச் சமாளித்தோம். புதியதன் குறை எங்கே என்று எழுதின உனக்கே அன்றுதான் தெரிந்தது. ஆனால் அன்று நான் வேறு ஒன்றும் செய்தேன்: வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமை அது. கொஞ்சம் குறைவாகச் சிரித்திருக்கலாம்.

போன வாரம் பழைய கம்ப்யூட்டர் செத்தது. உன் ஆபீஸில் நீ எழுதிய எதுவும் இப்போது இல்லையாம். மிச்சம் இது ஒன்றுதான், இதுவும் போய்விட்டால்? உன் மகளைக் கூப்பிட்டேன். வந்தாள், ஒயர்களைப் பிடுங்கினாள், சொருகினாள். வாங்கி வைத்த டீயை நான் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் புதுக் கம்ப்யூட்டரில் நம்பர் 41 என்று வந்ததும்தான் உட்கார்ந்தேன்.

திடீரென்று அவள் சிரித்தாள். “அங்கிள், அப்பா இதுக்குள்ள ஒண்ணு எழுதி வெச்சிருக்காரு. இங்கிலீஷ்ல. ‘இது தற்காலிகம். அடுத்த வாரம் ஒழுங்கா எழுதணும்.’”

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதடா! இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கண்ணைத் துடைத்தாள், நான் ஃபேனைப் பார்த்தேன்.

“அந்தத் தொண்ணூற்றொன்பதை மாத்திடவா அங்கிள்? ஒரு நிமிஷ வேலை.”

“வாணாம் பாப்பா. நூல் கட்றவங்க கொழம்பிப் பூடுவாங்க. அப்பா எழுதினதுக்குக் கீழ நான் ஒரு வரி எழுதட்டா? கெட்டுப் பூடுமா?”

“கெடாது. அந்த மாதிரி வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது, தாண்டிப் போயிடும். மனுஷங்க படிக்கத்தான் அது.”

ஒற்றை விரலால் கால் மணி நேரம் அடித்தேன். எழுத்துக்கு எழுத்து உன் மகள் காட்டிக்கொடுத்தாள். இப்போது உன் ப்ரோக்ராமுக்குள் என் எழுத்தும் இருக்கிறது:

‘அவசரம் இல்ல நைனா. ஓடிக்கினு கீது.’