கிழியாத படலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சின்னக் கைகலப்பு. யாராவது பெரிதாக்கிச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் காயத்துக்கு ஒட்டும் படலம் செய்கிறோம். அதை மட்டும் வைத்துச் செய்தால் அப்பளமாய் நொறுங்கும். பக்கத்து மேசைக்காரன் மூன்று வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டினான். நான் இன்னொரு பாலிமரைக் கலந்தேன். படலம் ரப்பராய் இழுபட்டது.

"என் மூணு வருஷத்தைத் திருடிட்டே!" என்று கத்திக்கொண்டு வந்து அதைப் பிடுங்கிக் கிழிக்கப் பார்த்தான். நீண்டதே தவிர கிழியவில்லை. வெறி தலைக்கேறி, என் மணிக்கட்டை முறுக்கி, முடியைப் பிடித்து முகத்தை மேசையில் இரண்டு முறை மோதினான். உன் பெண் சும்மா இருப்பாளா? கையில் கிடைத்த இரும்பு ஸ்டாண்டால் வாயிலேயே போட்டேன். அவனுக்கு இரண்டு பல் போயிற்று. எனக்குப் புருவத்தில் ஏழு தையல், வலது மணிக்கட்டில் கட்டு. இது இடது கை எழுத்து, கோணலைப் பொறுத்துக்கொள்.

"ரெண்டு பேரும் அடிச்சிருக்கீங்க, சமாதானமாப் போயிடலாமே" என்றார் இயக்குநர்.

"முதல்ல அடிச்சது யாருன்னு போலீஸ்ல சொல்லிக்கிறேன் சார்."

ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று அவனை ஜாமீனில் விட்டுவிட்டார்களாம்.

அகலப் பல் சீப்பு ஒன்று அனுப்பு. ஒரு கையால் சிக்கெடுக்க வரவில்லை, எடுத்துவிட ஆளுமில்லை. நல்ல உறுதியான தாழ்ப்பாளும் ஒன்று.

இப்போது கதவைத் தட்டினார்கள். கத்தரிக்கோலோடு போய்த் திறந்தேன். பக்கத்து அறைப் பெண்தான், தபால் போடப் போகிறாளாம். இதையும் அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.

உன் மகள்