எந்த வீட்டுச் சோறு

மாரண்டஹள்ளி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

உஸ்மா அப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் உஸ்மாவும் நலம். ஓசூரில் நீங்களும் ஷாருக் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் எழுதிவிட்டேன். உண்மையில் நலமாக இல்லை. உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. ஷாருக்கிடம் கேட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள் லோடு ஏற்றப் போயிருப்பதாகச் சொல்கிறான். மாமன் மகனுக்குப் பொய் சொல்லவும் கற்றுக் கொடுத்துவிட்டீர்கள். அதனால் இதை எழுதி ஓசூர் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனை அணைக்கலாம், கைக்கு வந்த காகிதத்தை என்ன செய்வீர்கள் பார்க்கிறேன்.

உஸ்மாவுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. அப்பா எங்கே என்று கேட்டாள். ஓசூரில் பெரிய ஆர்டர் என்றேன். வாடகைப் பாத்திரமெல்லாம் இங்கேயே கவிழ்த்துக் கிடக்க, அப்பா வெறுங்கையோடு என்ன ஆர்டருக்குப் போனார் என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். உங்களைத் திட்டுகிற நானும் ஒரு பொய் சொன்னேன், அதுவும் நிற்கவில்லை.

கடையில் வியாபாரம் மார்கழி வியாபாரம்தான். அண்டாவும் குண்டானும் தூசி படிந்து கிடக்கின்றன. பிணம் வைக்கிற குளிர்பெட்டி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. இந்தப் பனிக்கு வயதானவர்கள் தாங்குவதில்லை.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் பாதியில் எழுந்து ஓடிப்போனவருக்கு முழுக்கதையையும் ஒருமுறை எடுத்து வைக்க வேண்டும் அல்லவா?

பாத்திரம் எடுக்கப் போகிற மண்டபங்களில் மிஞ்சிய சோற்றைக் குழியில் கொட்டிவிட்டு அண்டாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போ என்பார்கள். கொட்ட மனமில்லாமல் சோற்றோடு அண்டாவை வண்டியில் ஏற்றி, வழியில் இருக்கிற செங்கல் சூளையில் இறக்க ஆரம்பித்தவர் நீங்கள். உங்களை நான் மெச்சிய காரியங்கள் குறைவு. அதில் இது முதலாவது. ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை, அது விட்டதும் பனி. அறுத்த கல் காயவில்லை. கல் அறுக்காத நாளில் அந்தச் சனங்களுக்கு அடுப்பு எரியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் என்பதால் சொந்த ஊரான ஏரியூருக்குத் திரும்பிப் போகவும் சூளைக்காரர் விடமாட்டார். நம் அண்டாவை நம்பித்தான் அங்கே பிள்ளைகள் தூங்கின.

மார்கழி வந்தது. முகூர்த்தம் இல்லை. முகூர்த்தம் இல்லையென்றால் மிச்சச் சோறும் இல்லை. பசிக்கு மட்டும் பஞ்சாங்கம் தெரியவில்லை. நம் ஆட்கள் வீட்டில் ஒன்றிரண்டு நிக்காஹ் நடந்தது, அதில் மிஞ்சியது எந்த மூலைக்குக் காணும்? அந்த நாட்களில் நான் எப்படியாகிவிட்டேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தால் இன்னாலில்லாஹி சொல்ல வேண்டிய வாய், இவர்கள் வீட்டுக் கருமாதிக்கு எவ்வளவு அரிசி போடுவார்கள் என்று கணக்குப் போட்டது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அப்படித்தான் மாதவராஜ் கவுண்டரின் தகப்பனார் கருமாதி வந்தது. தோட்டம் துரவு உள்ள வீடு. ஊருக்கே சமைத்து, மழைத்தூறலில் கூட்டம் வராமல், சோறு அப்படியே நின்றது. நீங்கள் அதை ஏற்றிக்கொண்டு போனீர்கள். சூளையில் மூத்தவர் அர்ச்சுனன் வழக்கம் போல எந்த வீட்டு விசேஷம் என்று கேட்டார். அவர் மருமகள் அன்பரசி அப்போது நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற இடத்தில் அவர்கள் சாவு வீட்டுச் சோற்றைச் சேர்க்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணம் என்று சொன்னீர்கள்.

நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று எனக்கும் தெரியும். நம் வீட்டில் இறந்தவருக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா சோறு என்றால் தெருவே பரக்கத் என்று வாங்கிச் சாப்பிடும். சோற்றில் என்ன சாவு, என்ன கல்யாணம் என்று நினைத்தீர்கள். பிள்ளைகள் தட்டோடு நின்றிருக்கும். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஆனால் அது நம் நம்பிக்கை, அவர்களுடையது வேறு. அன்பரசிக்குக் குழந்தை இறந்து பிறந்த பிறகுதான் அர்ச்சுனன் யோசித்திருக்கிறார். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். “பாய் வூட்டுக் கல்யாணத்துல பிரியாணி இல்லாம வாழைக்காய்ப் பொரியல் எங்கீங்க போடறாங்க?” என்று அவர் கேட்டபோது நீங்கள் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீங்கள் சோற்றையே மறைக்கப் பார்த்தீர்கள். அவர்கள் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நம் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கடை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். மறுநாள் நீங்கள் ஓசூர் பஸ் ஏறிவிட்டீர்கள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் அன்பரசியைப் பார்த்த டாக்டரம்மா சொன்னதை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்டேன். அந்தப் பெண் உடம்பில் ரத்தமே இல்லை, இத்தனை மாதம் என்னத்தைத் தின்றாள் என்று எங்களைக் கோபித்தார். குழந்தையைக் கொன்றது உங்கள் சோறு இல்லை, சோறு இல்லாமைதான். நான் அதைச் சூளையில் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்கள். நம் வீட்டிலேயே சமைத்து ஆட்டோவில் எடுத்துப் போய், இது என் கையால் வடித்தது என்று சொல்லி வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. ஒரு பிள்ளை கையை நீட்டியது, அதன் அம்மா இழுத்துக்கொண்டாள். அர்ச்சுனன் மரியாதையாகத்தான் பேசினார். “உங்க மேல கோவம் இல்லீங்க பாயம்மா. பசிச்சா பொறுத்துக்குவோம். இது எந்த வூட்டுச் சோறுன்னு நெனச்சுக்கிட்டே திங்க முடியலீங்க” என்றார். சோற்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். ராட்டினக்கிணற்றுப் பக்கத்து நாய்கள் தின்றன.

ஊரிலும் பேச்சு ஆகிவிட்டது. பாய் தெரிந்தே செய்தார் என்கிறவர்கள் ஒரு பக்கம், அது மதச் சண்டையில் போய் முடியுமோ என்று எனக்குப் பயம். நம் கடையில் எத்தனை மூடி இருந்து என்ன, ஊர் வாயை மூட ஒன்றும் இல்லை.

நீங்கள் வந்து அவர்கள் முன்னால் நின்று, ஆமாம், பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொன்னால் அது உங்கள் பெண்டாட்டி சொல்வதாகத்தான் ஆகும். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அமீருன்னிசா

*

மாரண்டஹள்ளி,
தை மாதம், செவ்வாய்

உஸ்மா அப்பாவுக்கு, ஸலாம்.

அர்ச்சுனன் இறந்துவிட்டார். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று இனி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை. இதைப் படித்து முடியுங்கள்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. பாத்திரம் எல்லாம் வெளியே போகிறது, ஆள் வைத்து அனுப்புகிறேன். மிஞ்சுகிற சோற்றை மறுபடி குழியில்தான் கொட்டுகிறார்கள். நான் கேட்டு வாங்கினாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லையே. பாலக்கோடு ரோட்டு மண்டபத்தின் பின்னால் கொட்டிக் கிடந்த சோற்றைப் பார்த்துவிட்டு வந்து அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

அர்ச்சுனன் அந்தக் குழிக்குப் போயிருக்கிறார். அவர் மகன் பூவரசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் திருடரைப் போலப் போகவில்லை. காலையிலேயே போய் மண்டபத்துக்கு எதிரில் உட்கார்ந்து, மாப்பிள்ளை அழைப்பு, மேளம், தாலி கட்டி முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறுகிற வரைக்கும் பார்த்திருக்கிறார். தன் கண்ணால் பார்த்த கல்யாணம். அந்தச் சோற்றில் சந்தேகம் இல்லை. யாரையும் நம்ப வேண்டியது இல்லை. அவ்வளவு பார்த்தவர், கொட்டின சோறு ராத்திரிச் சோறா காலைச் சோறா என்று பார்க்கவில்லை. குழியில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்திருக்கும். நாய் வராமல் இருக்க மேலே பூச்சிமருந்துப் பவுடர் வேறு தூவுகிறார்கள்.

துண்டில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளைகள் ஓடி வந்திருக்கின்றன. பொறுங்கள், நான் முதலில் தின்று பார்க்கிறேன், பொழுது சாயட்டும் என்று அவற்றைத் தடுத்துவிட்டுத் தான் மட்டும் தின்றிருக்கிறார். பிள்ளைகள் அழுதுகொண்டே காத்திருந்தன. பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி சேருவதற்குள் எல்லாம் முடிந்தது. மிச்சச் சோற்றை அன்பரசிதான் மண்ணைத் தோண்டிப் புதைத்தாளாம்.

நம் குட்டியானை லோடு வண்டி கடை முன்னால் சும்மா நின்ற நாள் அது. நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். சொல்கிறேன். உங்களையும்தான், என்னையும்தான், அந்தக் குழியைத் தோண்டினவர்களையும்தான்.

நேற்று பூவரசன் கடைக்கு வந்தான். அன்பரசியும் வந்தாள், வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனனுக்குப் பதினாறாம் நாள். அவரோடு கல் அறுத்த சனம் எல்லாம் வரும், படைக்க ஒரு பிடி அரிசிகூட இல்லை என்றான். சூளைக்காரரிடம் கேட்டதற்கு அவர் கை விரித்துவிட்டாராம். ஞாயிறு முகூர்த்தநாள்தானே, கல்யாணச் சோறு ஏதாவது மிஞ்சினால் கொடுக்க முடியுமா என்று கேட்டான். சாவு வீட்டுச் சோற்றைக் கல்யாணச் சோறு என்று சொன்னதில் ஆரம்பித்தது, கல்யாணச் சோற்றைச் சாவுக்குக் கேட்பதில் வந்து நிற்கிறது.

ஒன்று மட்டும் கேட்டான். “பாயே வந்து எறக்கட்டுங்க. எந்த வூட்டுச் சோறுன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்பத்தான் எங்க சனம் கை வெக்கும்” என்றான். நான் சொல்லக்கூடாதா என்றேன். நீங்கள் எங்களிடம் பொய் சொன்னது இல்லையே பாயம்மா, உங்கள் சொல்லுக்கு என்ன வேலை என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். கெட்டுப்போன சொல்லைக் கெடுத்த வாய்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

ஞாயிறு அன்று கல்யாணம் நடத்துகிற பெண்ணின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். அவரிடமும் எதற்கென்று சொல்லாமல் கேட்டுவிடலாமா என்று வழியெல்லாம் தோன்றியது. மகள் கல்யாணச் சோறு கருமாதிக்குப் போகிறது என்றால் யாருக்குத்தான் முகம் சுளிக்காது? ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர், பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பின பிறகு அண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் எடுக்க வேண்டாம் என்றார். அவ்வளவு போதும்.

சூளையில் படையல் சாயங்காலம்தான். மத்தியானப் பந்தி முடிந்ததும் சோறு சூடு குறையாமல் போய்ச் சேர வேண்டும். நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். வந்து அண்டாவை இறக்கி, இது இன்னார் வீட்டுக் கல்யாணச் சோறு என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் அன்றைக்குக் கொண்டுவந்தது மாதவராஜ் கவுண்டர் வீட்டுக் கருமாதிச் சோறு என்பதையும் சொல்லுங்கள். திட்டுவார்கள். யாராவது மண்ணை வாரி இறைத்தாலும் இறைப்பார்கள். நின்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் நிற்பேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பூவரசன் அந்தப் பக்கம் போன பிறகு அன்பரசி என்னைக் கூப்பிட்டாள். குழந்தை போன பிறகு நீங்கள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடினீர்கள் என்று அவளிடம் நான் சொன்னேன். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் சொன்னாள்:

“அன்னைக்கு நான் ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னேங்க. எம்புள்ள வயித்துல இருந்தப்ப நான் வயிறு நெறயத் தின்னது அந்த ஒரு நாளுதாங்க. புள்ள உள்ள நல்லா ஒதச்சுது. அந்தச் சோத்த நான் எப்படீங்க திட்டறது? பொய் சொல்லாம குடுத்திருக்கலாமேன்னுதான் இருக்குது.”

உஸ்மா அப்பா, அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் ஒரே ஒரு வேளை வயிறு நிறைந்திருந்தது, அது உங்கள் கையால். பொய்யும் உங்கள் வாயால்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். உங்கள் நாவுக்கு அல்லாஹ் வலுவைக் கொடுக்கட்டும்.

உங்கள்
அமீருன்னிசா